பேராசிரியர் சதீஷ் தவான்

மாரி தொடங்குமுன் குளக்கட்டின் மேல் ஒருமுறை நடந்து பார்த்து வருவது வன்னி நாட்டு உழவரின் பழைய வழக்கம். கட்டு எத்துணை நீளமாயினும், எத்துணை உயரமாயினும், அதனைக் கொண்டுபோவதற்கு ஓர் எலிவளை போதும் என்பதை அவர்கள் எந்த நூலிலும் கற்றவர்களல்லர், கண்டு அறிந்தவர்கள். துருசின் பலகை இறுகப் பொருந்துகிறதா, வான் பாயும் வழி அடைபட்டிருக்கிறதா, கட்டின் உட்புறத்தில் மண் நெகிழ்ந்திருக்கிறதா என்று அவர்கள் நோக்கும் நோக்கில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. பல உறுப்புக்களால் ஆன ஒன்றின் வலிமை அதன் மிக மெலிந்த உறுப்பின் வலிமையேயாகும் என்பதே அவ்வுண்மை.

இவ்வுண்மையை விண்வெளித் துறையில் நிலைநாட்டி, பல்லாயிரம் பேர் சேர்ந்து செய்யும் பெருந்தொழிலொன்றில் பிழையை எவ்வாறு முன்கூட்டியே தேடுவது, பிழை நேர்ந்தபின் அதனை எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியவர் பேராசிரியர் சதீஷ் தவான் அவர்கள். அன்னார் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பொறியியற் கல்வியை நாடிச் செல்லும் மாணவர் தொகை நம் நாட்டில் வளர்ந்துவரும் இக்காலத்தில், அவருடைய வரலாற்றை நம் கல்லூரியின் விழா மலரில் எடுத்துரைப்பது பொருத்தமுடையதே.

தவான் அவர்கள் 1920ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆம் நாள் காஷ்மீரத்துச் ஸ்ரீநகரிற் பிறந்தார். இலாகூரிலிருந்த பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்ற கல்வி இன்றைய மாணவர்க்கு வியப்பூட்டும். கணிதமும் பௌதிகமும் பயின்று ஒரு பட்டம் பெற்றார். ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்மேல் எந்திரப் பொறியியலிலும் பட்டம் பெற்றார். கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று நாம் சுவர் எழுப்புகிறோம். அத்தகைய சுவர் அவர் உள்ளத்தில் இருந்ததில்லை. பிற்காலத்தில் சிக்கலான ஒரு பொருளைத் தெளிவாகக் கேட்பதிலும் தெளிவாகச் சொல்வதிலும் அவர் காட்டிய ஆற்றலுக்கு இவ்விருவகைக் கல்வியும் துணைநின்றன என்று கொள்ளுதல் தவறாகாது.

பின்னர் அமெரிக்கா சென்று, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1947இல் விமானப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும், கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹான்ஸ் லீப்மன் அவர்களின் கீழ் ஆராய்ந்து 1951இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். விரைந்து செல்லும் விமானத்தின் மேற்பரப்பைக் காற்று உராய்ந்து பின்னிழுக்கும் விசையை அவர் ஆராய்ந்தார். அக்காலத்தில் அவ்விசையைப் பிற அளவுகளிலிருந்து கணக்கிட்டு அறிவதே பெரிதும் வழக்கமாயிருந்தது. தவான் அவர்களோ, பரப்பின் ஒரு சிறு பகுதியைத் தனியே வெட்டி, அது மிதப்பதுபோல் அசையுமாறு அமைத்து, அதன்மேற் படும் விசையை நேரடியாகவே அளந்தார். கணக்கு இவ்வாறு சொல்கிறது என்பதோடு அமையாமல், பொருளைத் தொட்டு அளந்து பார்த்தபின்னரே நம்புவது என்னும் பண்பு அன்றே அவரிடம் வேரூன்றியிருந்தது. அவருடைய வாழ்நாட் பணி முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

1951இல் தாய்நாடு திரும்பிய அவர், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியரானார். ஒலியினும் விரைந்த காற்றோட்டத்தை உண்டாக்கும் காற்றுச் சுரங்கமொன்றை, உள்ளூரிற் கிடைத்த பொருள்களைக்கொண்டே அங்கு அமைத்தார். அளவிற் சிறியதாயினும், பின்னர் அந்நாட்டில் எழுந்த பெரிய சுரங்கங்களுக்கு அது முன்னோடியாயிற்று. 1962இல் அக்கழகத்தின் பணிப்பாளரானார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்திரண்டு. 1981 வரை, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

இந்தியாவின் விண்வெளி முயற்சிக்கு வித்திட்டவர் கலாநிதி விக்கிரம் சாராபாய் அவர்கள். 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் நாள் அவர் எதிர்பாராத வகையில் உயிர்நீத்தார். அவ்வேளையில் தவான் அவர்கள் விடுப்புப் பெற்றுக் கலிபோர்ணியாவில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அவரை அழைத்து, விண்வெளித் துறையின் பொறுப்பை ஏற்குமாறு வேண்டினார். பதவியென்றதும் பாய்ந்து பற்றும் இயல்பினர் அல்லர் தவான். விஞ்ஞானக் கழகத்தின் பணிப்பாளராகத் தாம் தொடர்ந்திருத்தல் வேண்டும், விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைதல் வேண்டும் என இரு நிபந்தனைகளை முன்வைத்தார். அவை ஏற்கப்பட்டன. கைக்கொண்ட ஆராய்ச்சியை முடித்துக்கொண்டே திரும்பி, 1972இல் பொறுப்பேற்றார். இடைக்காலத்தில் பேராசிரியர் எம். ஜி. கே. மேனன் அவர்கள் அப்பணியைக் கவனித்து வந்தார்.

தவான் அவர்கள் ஏற்ற பணி எத்தகையதென்பதை அறிதல் வேண்டும். செய்மதியொன்றைத் தன் சொந்த ஏவூர்தியாலே விண்ணில் ஏற்றுதல் வேண்டுமென்பது அந்நாட்டின் குறிக்கோள். அதற்கென வகுக்கப்பட்ட எஸ். எல். வி. 3 என்னும் ஏவூர்தி 17 தொன் நிறையும் ஏறத்தாழ 23 மீற்றர் உயரமும் உடையது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கட்டங்களைக் கொண்டது. அதில் 44 பெருந்தொகுதிகளும், அவற்றுட் சிறு தொகுதிகள் 250உம் இருந்தன. உதிரி உறுப்புக்களின் தொகையோ பத்து இலட்சத்துக்கு மேற்பட்டது. இவை ஒரே கூரையின்கீழ்ச் செய்யப்பட்டவையல்ல. பல ஆய்வுகூடங்களிலும் பல தொழிற்சாலைகளிலும், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத பல்லாயிரவர் கைகளிலே உருவானவை.

இங்கே ஒரு சிறு கணக்கை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். பெருந்தொகுதி ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தவறாது இயங்கும் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 99 புள்ளி பெற்ற மாணவனை நாம் மெச்சுவோம். ஆயின் ஒன்று தவறினும் முழுவதும் தவறும் வகையில் 44 தொகுதிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது, 0.99 என்பதை 44 முறை தன்னோடு தானே பெருக்கிக் காணல் வேண்டும். விடை ஏறத்தாழ 0.64. அஃதாவது, மூன்று முறை ஏவினால் ஒருமுறை கடலில் விழும் என்பதே கணக்கின் தீர்ப்பு. ஒவ்வொரு தொகுதியும் ஆயிரத்துக்கு 999 முறை தவறாது இயங்குமாயின், முழுமையின் வெற்றி நூற்றுக்கு 96 ஆக உயரும். மிக நல்லது என்பதற்கும் போதுமானது என்பதற்கும் இடையே உள்ள தூரம் இது. கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் இத்தூரத்தைக் கடத்தல் இயலாது. ஒழுங்கினாலேயே கடத்தல் கூடும். அவ்வொழுங்கையே பொறியியலார் தர உறுதிப்பாட்டுத் திட்டம் என்பர்.

அத்திட்டத்தின் கூறுகள் சொல்வதற்கு எளியவை, கைக்கொள்வதற்கு அரியவை. முதலாவது, ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு இருத்தல் வேண்டும், எந்த வெப்பத்தையும் எந்த அதிர்வையும் தாங்குதல் வேண்டும் என்பதை அதனைச் செய்யுமுன்னரே எழுதி வைத்தல். இரண்டாவது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் செய்தார், யார் சோதித்தார், எந்த நாளில் என்பனவற்றை ஏட்டிற் பதிந்து, உறுப்பு எங்கே சென்றாலும் அதன் வரலாறும் உடன்செல்லுமாறு செய்தல். மூன்றாவது, உறுப்பைத் தனியாகவும், தொகுதியில் இணைத்தபின்னும், முழுமையாகப் பூட்டியபின்னும் படிப்படியாகச் சோதித்தல். நான்காவது, ஒருமுறை ஏற்ற அமைப்பில் ஆராயாமல் எம்மாற்றமும் செய்யாதிருத்தல். ஐந்தாவதும் தலையாயதுமாவது, செய்தவரே தம் செய்கைக்குச் சான்று சொல்லாதபடி, சோதிப்பவர் தனித்து நின்று தம் கருத்தை அஞ்சாது உரைக்க இடமளித்தல்.

இவ்வைந்தாவதிலேதான் தவான் அவர்களின் தனிச்சிறப்பு விளங்குகிறது. திட்டமொன்றைக் கட்டந்தோறும் நிறுத்தி, அத்திட்டத்தைச் சாராத அறிஞர்களையும் அழைத்து, அவர்கள்முன் விரித்து வைத்து, குற்றங் காணுமாறு கேட்கும் மீளாய்வு முறையை அவர் விண்வெளி நிறுவனத்தின் நாளாந்த வழக்கமாக்கினார். பல்கலைக்கழகப் பேராசிரியரும் பிற ஆய்வுகூடத்தாரும் அவ்வவைகளில் அமர்ந்து கேள்வி கேட்டனர். பதவியில் இளைய பொறியியலாளரும் மூத்தவர் கருத்தை மறுத்துப் பேசலாம். சான்று மட்டும் கையில் இருத்தல் வேண்டும். ஆசிரியராக வகுப்பறையிற் கேள்வியை வளர்த்தவராதலின், அரசாங்க நிறுவனமொன்றிலும் கேள்வியை வளர்க்க அவரால் முடிந்தது. இதனால் வேலை பிந்துகிறதென்று குறைகூறினோரும் உண்டு. திட்டம் காலத்தாற் பிந்தியதும் உண்மையே. எனினும் குறைகளைக் கடலுக்கு அனுப்புவதிலும் அவையின் முன் அனுப்புவது நன்று என்பதே அவர் நிலை.

இத்தனை ஒழுங்கு இருந்தும் பிழை நுழைய வழி கண்டுகொண்டது. அதுவே இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பகுதி.

ஏவூர்தியின் இரண்டாங் கட்டத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் தொகுதியில், புகையும் செந்நைத்திரிக்கமிலம் பயன்படுத்தப்பட்டது. உடலிற் பட்டால் எரித்துவிடும் கொடிய திரவம் அது. இத்தொகுதியைத் தரையில் வைத்துச் சோதித்த ஒரு சமயம், பன்னிரண்டு வால்வுகளுள் ஒன்று பணிய மறுத்தது. என்னவென்று அறியச் சென்ற குழுவினர் அருகில் நின்றவேளை, அமிலத் தொட்டி வெடித்து அவர்களை நனைத்தது. பலர் எரிகாயம் அடைந்தனர். உயிர்ச்சேதம் நேராமை நற்பேறே. வால்வு என்னும் சிறு உறுப்பு தன்னை ஒருமுறை இவ்வாறு அறிவித்துக்கொண்டது.

1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள் காலை 7 மணி 58 நிமிடத்துக்கு, ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து எஸ். எல். வி. 3 முதன்முறையாக எழுந்தது. திட்ட இயக்குநராய் நின்றவர், மன்னாருக்கு எதிர்க்கரையாகிய இராமேஸ்வரத்திற் பிறந்த தமிழர், பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள். முதற் கட்டம் பழுதின்றி எரிந்தது. இரண்டாங் கட்டம் தொடங்கியதும் ஏவூர்தி கட்டுக்கடங்காது தடுமாறியது. 317 செக்கன்களில் எல்லாம் முடிந்தன. ஏழாண்டு உழைப்பு, ஏவுதளத்திலிருந்து 560 கிலோமீற்றர் தொலைவில் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அன்று செய்தியாளர் கூடியிருந்தனர். துயரத்தால் துவண்டிருந்த கலாமைத் தவான் அவர்கள் முன்னிறுத்தவில்லை. தலைவர் என்ற முறையில் தாமே சென்று அமர்ந்தார். தோல்வி நேர்ந்ததென்பதை மறைக்காது கூறி, அதன் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, தம் குழுவினர்மீது தமக்குள்ள நம்பிக்கையையும், அடுத்த ஆண்டுக்குள் வெற்றி காண்பர் என்னும் உறுதியையும் வெளியிட்டார். நாளிதழ்களின் கண்டனம் அவரையே சூழ்ந்தது. கீழுள்ளவர்கள் அக்கண்டனத்துக்கு முகங்கொடாமல், தங்கள் வேலைக்கு முகங்கொடுக்க முடிந்தது.

இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளுதல் போதாது; இதுவும் தர உறுதிப்பாட்டின் ஒரு கூறேயாகும். பிழை செய்தவனை ஊரறியத் தண்டிக்கும் இடத்தில், அடுத்த பிழையை எவனும் வாய்திறந்து சொல்லமாட்டான். சொல்லப்படாத பிழை திருத்தப்படுவதில்லை. தலைவன் குடைபிடித்து நின்றால், அக்குடையின்கீழ் உண்மை வெளிப்படும்.

அவ்வாறே வெளிப்பட்டது. மறுநாளே எழுபதுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்தனர். பின்னர் நுணுக்கமான விசாரணையும் நடைபெற்றது. ஏவுதற்கு எட்டு நிமிடம் முன்னதாகத் திறந்த அமில வால்வொன்று, தூசு முதலிய மாசு அகப்பட்டமையால் மீண்டும் மூடவில்லை. அமிலம் சிறிது சிறிதாக வடிந்து போயிற்று. இரண்டாங் கட்டத்துக்குத் தேவையான வேளையில் கட்டுப்பாட்டு விசை இல்லாதொழிந்தது. இதுவே கண்ட காரணம். குறையின் அறிகுறி இறுதி நிமிடங்களில் தென்படாமலும் இல்லை. அது சிறிதென்று மதிக்கப்பட்டது, ஏவுதல் நிறுத்தப்படவில்லை. விசாரணை முடிவுகள் அவையில் வைக்கப்பட்டபோது கலாம் அவர்கள் தாமே எழுந்து, அம்மாசினைப் பொருட்படுத்தாது விட்ட பொறுப்புத் தம்முடையதே என்று கூறினார். தலைவர் உலகின்முன் பொறுப்பேற்றார். திட்ட இயக்குநர் தலைவரின்முன் பொறுப்பேற்றார். ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும் காட்சி அங்கு நிகழவில்லை. 17 தொன் ஏவூர்தியை வீழ்த்தியது கண்ணுக்குப் புலனாகாத தூசு. குளக்கட்டை உடைக்கும் எலிவளையின் கதை இதுவேயன்றோ!

ஓராண்டு நிறையுமுன், 1980ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் காலை 8 மணி 3 நிமிடத்துக்கு எஸ். எல். வி. 3 மீண்டும் எழுந்தது. நான்கு கட்டங்களும் ஒழுங்காக இயங்க, 35 கிலோகிராம் நிறையுள்ள உரோகிணி என்னும் செய்மதி பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தது. அன்றும் செய்தியாளர் கூடினர். தவான் அவர்கள் அன்று ஒதுங்கி நின்று, கலாமை அனுப்பிப் பேசச் சொன்னார். தோல்வியின்போது தாம் முன்னே, வெற்றியின்போது தம் குழுவினர் முன்னே என்னும் இந்நிகழ்ச்சியைக் கலாம் அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லி வந்தார். தலைமை என்பதன் பொருளை எந்த நிருவாக நூலும் தமக்கு இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கவில்லை என்பது அவர் கருத்து.

வெற்றிக்குப் பின்னும் மீளாய்வு ஓயவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஏவப்பட்ட அடுத்த செய்மதி, குறித்த உயரத்தை எட்டாமையால் ஒன்பது நாளில் அழிந்தது. மீண்டும் ஆராய்ந்தனர், மீண்டும் திருத்தினர். 1983ஆம் ஆண்டு ஏப்பிரில் 17ஆம் நாள் ஏவியது முழுவெற்றி பெற்றது. ஒருமுறை வென்றது மறுமுறைக்குச் சான்றாகாது என்னும் பாடத்தை அந்நிறுவனம் இவ்வாறு கற்றது. அவருடைய தலைமைக் காலத்திலேயே, 1975இல் ஆரியபட்டா என்னும் முதற் செய்மதி சோவியத் ஏவூர்தி வாயிலாக விண்ணேறியது. 1975-76இல் செய்மதி வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளிக்கும் பெருஞ் சோதனையும் நடந்தேறியது.

இவ்வளவு பொறுப்புக்களுக்கு இடையிலும் பறவைகளை நோக்கி நிற்பதற்கு அவருக்கு நேரமிருந்தது. ஸ்ரீஹரிக்கோட்டையை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரை முதலிய நீர்ப்பறவைகள் பெருந்திரளாய் வருவதை நம்மில் பலர் அறிவர். நம் பூநகரிக் கடனீரேரியிலும் பறவைகள் வந்து தங்குவனவே. பறவை சிறகடித்துப் பறக்கும் முறையைக் காற்றியல் அறிஞரின் கண்கொண்டு ஆராய்ந்து, தனி நூலொன்றே அவர் எழுதினார். ஏவுதளத்தின் பொருட்டு அத்தீவின் மரமும் பறவையும் அழியலாகாதென்பதிலும் அவர் கருத்தூன்றினார்.

1984இல் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். இந்திய அரசின் பத்ம விபூஷண் விருது 1981இல் அவருக்கு வழங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பெங்களூரில் அவர் ஆவி பிரிந்தது. அவ்வாண்டிலேயே ஸ்ரீஹரிக்கோட்டை ஏவுதளத்துக்குச் சதீஷ் தவான் விண்வெளி நிலையம் என்று பெயரிடப்பட்டது.

ஒருவர் நிறுவிய ஒழுங்கு உண்மையானதா என்பதை அவர் போனபின்னரே காணலாம். 1987இலும் 1988இலும் அடுத்த வகை ஏவூர்தி இருமுறை வீழ்ந்தது. 1993இல் அதனினும் பெரிய ஏவூர்தி தன் முதற் பயணத்திலே தவறியது. ஒவ்வொரு முறையும் அந்நிறுவனத்தார் தவான் காட்டிய வழியிலேயே காரணத்தைத் தேடி, அவையில் வைத்து, திருத்தி, அடுத்து வென்றனர். 2019இல் சந்திரனில் இறங்க முயன்ற கலம் மோதி அழிந்தபின், எங்கெங்கே தவறக்கூடும் என்று எண்ணியெண்ணி அடுத்த கலத்தை வகுத்தனர். 2023ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் தவான் அவர்களின் பெயர்தாங்கிய நிலையத்திலிருந்து புறப்பட்ட சந்திரயான் 3, ஓகஸ்ட் 23ஆம் நாள் சந்திரனின் தென்துருவப் பகுதிக்கு அண்மையில் மெல்ல இறங்கியது.

ஜெயபுரம் போன்ற சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவன், விண்வெளி எங்கே, நாம் எங்கே என்று மலைத்தல் வேண்டியதில்லை. தவான் அவர்களின் வரலாறு கற்பிக்கும் பாடம் ஏவூர்திக்கு மட்டும் உரியதன்று. பாலம் கட்டுவோனுக்கும், மருந்து கலப்போனுக்கும், கணக்கெழுதுவோனுக்கும், வகுப்பை நடத்தும் ஆசிரியனுக்கும் அது பொருந்தும். செய்யுமுன் எழுது, செய்தபின் அள, பிறர் குற்றங் காண இடங்கொடு, சிறு குறையைச் சிறிதென்று தள்ளாதே, தவறு நேர்ந்தால் முன்னே நில், வெற்றி வந்தால் விலகி நில். இவற்றுட் கடைசி இரண்டுமே மிகக் கடினமானவை. முன்னுள்ளவை அனைத்தும் நிலைபெறுவது அவ்விரண்டின் மேலேதான்.

அடுத்த மாரிக்கு முன் குளக்கட்டின்மேல் நடக்கும் முதியவரொருவரைக் காணும் மாணவன், அவர் குனிந்து நோக்கும் இடத்தைத் தானும் குனிந்து நோக்குவானாக. பேராசிரியர் சதீஷ் தவான் அவர்களின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க சிறந்த வணக்கம் அதுவாகும்.